அக்கா இறந்தது காசநோயால்தான்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கிறீர்கள். வந்ததற்கு அக்கா மகளின் சார்பில் நன்றி. என் சார்பில் யாருக்கு நன்றி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரைக்கு முன்னால் வேறொரு கட்டுரை அச்சகத்துக்குப் போயிருந்தது. எங்கள் தாய்மாமா எழுதிக் கொடுத்தது. ‘குறுகிய கால சுகவீனத்துக்குப் பின் இறைவனடி சேர்ந்தார்’ என்று அதில் ஒரு வரி. நான் நேரில் போய் அதைத் திரும்ப வாங்கிவிட்டேன். அக்கா ஒரு வருடத்துக்கும் மேலாக இருமினார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்த இருமலைக் காதால் கேட்டவர்கள். அது குறுகிய காலமும் இல்லை, பெயர் தெரியாத சுகவீனமும் இல்லை. அதன் பெயர் காசநோய். நேரத்தோடு கண்டுபிடித்து மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் நோய். அதற்கு என் அக்காவைப் பறிகொடுத்தோம் என்றால், பழியை நோயின் மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் சாப்பிட உட்கார முடியாது.

படிக்கப் பிடிக்காதவர்கள் இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

அக்கா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். தோட்டம் விற்கப்பட்டு எங்கள் குடும்பம் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. அப்பா வேலை இல்லாமல் முடங்கிப்போக, அக்கா மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டு மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். என்னை ஆறாம் படிவம் வரை படிக்க வைத்தது அந்தச் சம்பளம். இதை அக்கா ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுவார். நான் தேங்காய் துருவும் அழகை அவர் ஊருக்கே நடித்துக் காட்டியிருக்கிறார்.

அத்தான் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டினார். மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது விபத்தில் போய்விட்டார். அதன்பின் அக்கா தொழிற்சாலையை விட்டுவிட்டுச் சமையலில் இறங்கினார். முதலில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீன், பிறகு பிறந்தநாள் விருந்துகள், பிறகு கல்யாணங்கள். உங்களில் எத்தனை பேர் வீட்டு விசேஷத்துக்கு அக்கா சமைத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சமைக்கும்போது அவர் எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். குழம்புச் சட்டிக்கு மேலே குனிந்து ஒரு முறை மூச்சை இழுப்பார். உப்புப் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். அந்த மூச்சுதான் கடைசியில் அவருக்கு இல்லாமல் போனது.

ஒரு தீபாவளி முடிந்த கையோடு இருமல் ஆரம்பித்தது. பண்டிகைக்கு ஏகப்பட்ட முறுக்கு, அதிரச ஆர்டர்கள். எண்ணெய்ப் புகையில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்கா நினைத்தார். இஞ்சியும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் குடித்தார். மருந்துக் கடையில் சிரப் வாங்கினார். நிற்கவில்லை என்றதும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குப் போனார். அதன் பெயரை எழுத மாட்டேன். அக்கா அங்கே பல தடவை போனார். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். அக்கா அதையும் நடித்துக் காட்டினார்.

“‘ஆன்டி, என்ன வேலை செய்றீங்க?’ங்கறான். ‘சமையல், டாக்டர்’ங்கறேன். ‘ஆங், அப்ப புகைதான் லா ஆன்டி’ங்கறான். அடுத்த வாரம் போனா வேற ஒருத்தன். அவனும் ‘என்ன வேலை ஆன்டி?’ங்கறான். நான் ஒரு தடவை ஆபீஸ் வேலைன்னு சொல்லிப் பாக்கணும்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போய் இருமலில் மடிந்து உட்கார்ந்தார். இருமல் மருந்து, அலர்ஜி மாத்திரை, ஆன்டிபயாடிக், இன்னும் பலமான ஆன்டிபயாடிக். அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. இனிப்பு நீர் உள்ளவர் மாதக் கணக்கில் இருமுகிறார், உடம்பு வற்றுகிறது, சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறது. ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி ஒரு தாளில் ஒரு வரி எழுத அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த டாக்டர்கள் இன்று எங்கே இருக்கிறார்களோ தெரியாது. நல்ல வேலையில்தான் இருப்பார்கள்.

இப்போது மாமாவுக்கு வருகிறேன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பவர் மாமா. கோவில் நிர்வாகத்தில் இருப்பவர், நாலு பேரைத் தெரிந்தவர். அக்கா மகளுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் மாப்பிள்ளை பார்த்து, சித்திரையில் நிச்சயம் என்று பேசி முடித்தவரும் அவர்தான். நிச்சயத்துக்கு முன்னால் ஒரு நாள் அக்கா அவர் முன்னிலையில் மூச்சு வாங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, சுபாங் ஜெயாவில் தமக்குத் தெரிந்த ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் தம் காரிலேயே அழைத்துப் போனார். அக்கா மகளும் கூடப் போனாள். நடந்ததை அவள்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் காட்டி, “லங்ஸ் மேல் பக்கம் நிழல் தெரியுது. டிபியா இருக்கலாம். சளி டெஸ்ட் எடுத்துடுவோம். கன்ஃபர்ம் ஆனா நாங்க ஹெல்த் ஆபீசுக்கு ரிப்போர்ட் பண்ணணும், அது சட்டம்” என்றிருக்கிறார்.

மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ரிப்போர்ட்டா? இருங்க டாக்டர். நாங்க வீட்ல பேசிட்டு வரோம்.”

காரில் ஏறியதும் அக்காவிடம் சொன்னார்: “டிபின்னு தெரிஞ்சா கெசிஹாத்தான், அந்த ஹெல்த் ஆபீஸ் ஆளுங்க வாசல்லயே வந்து நிப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரன் பாப்பான். மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடும். உன் கையால ஆக்குற சோத்த அப்புறம் எவன் வாங்குவான்? கொஞ்சம் பொறுத்துக்க. கல்யாணம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்.”

அக்கா சரி என்றார். அதற்காக அக்கா மீதும் எனக்குக் கோபம் உண்டு. இறந்தவர் என்பதற்காக அதை மறைக்கப் போவதில்லை. தொழிற்சாலையில் சூப்பர்வைசரையே நேருக்கு நேர் கேள்வி கேட்டவர், மகளின் கல்யாணம் என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டார். அந்த மருத்துவமனையிலிருந்தும் ஏன் திரும்பி வரவில்லை என்று ஒரு போன் வரவில்லை. நிழல் தெரிகிறது என்று சொன்னதோடு அவர்கள் கடமை முடிந்துவிட்டது போலிருக்கிறது.

நிச்சயதார்த்தம் நடந்தது. அக்காதான் சமைத்தார். நான் வேலை விஷயமாகப் பினாங்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். போனில் பேசும்போதெல்லாம் புகை, அலைச்சல், தூக்கமில்லை என்றே சொல்லி வந்தார்.

எக்ஸ்ரே விஷயம் எனக்குத் தெரிய வந்தது தற்செயலாகத்தான். பிரிக்பீல்ட்ஸில் யாரோ ஒருவர் சூரணம் கொடுக்கிறார், நெஞ்சுச் சூட்டை எடுத்துவிடும் என்று மாமா அக்காவை அங்கே அனுப்பினார். என் வீடு பிரிக்பீல்ட்ஸில். சூரணத்தை வாங்கிக்கொண்டு, அக்கா கொமுட்டர் ரயில் ஏறுவதற்கு முன்னால் என் வீட்டில் கொஞ்சம் சாய்ந்துவிட்டுப் போக வந்தார். முகத்தைக் கழுவ முந்தானையை எடுத்தபோது ரவிக்கையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி இறுக்கியிருந்தது. அப்படியும் தோளிலிருந்து நழுவியது.

“என்னக்கா இது?”

“டயட்டு லா. நீதான் எப்பவும் குண்டு குண்டுன்னு சொல்லுவியே.”

நான் விடவில்லை. அக்கா மகளுக்குப் போன் செய்தேன். அவள் அழுதுகொண்டே சுபாங் ஜெயாவில் நடந்ததைச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன்.

“நாளைக்குக் காலையில அரசாங்க கிளினிக்குப் போறோம்.”

“உனக்குச் சொல்றது ஈசி. நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல வேணாம்னுட்டா? பாப்பா மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?”

“அவளுக்கும் ஒட்டியிருந்தா?”

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை அவர் தமக்குள் கேட்காமல் இருந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அன்று அவர் சூரணப் பொட்டலத்தை என் சமையலறைக் குப்பைத் தொட்டியில் தாமே போட்டார். மறுநாள் காலையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு என்னோடு கிள்ளானுக்கு வந்தார்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு மலாய் நர்ஸ் அக்காவைத் தனியாக, ஜன்னல் திறந்திருந்த ஓர் அறையில் உட்கார வைத்தார். இருமல் எப்போது தொடங்கியது, வியர்க்கிறதா, சாப்பிட முடிகிறதா, வீட்டில் யார் யார் என்று ஒன்று விடாமல் கேட்டார். சளி எடுக்க டப்பா கொடுத்தார். எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. அக்கா அந்த நர்ஸை ‘காக்’, அதாவது மலாயில் அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்து, திரும்பி வருவதற்குள் அவரிடம் ரெண்டாங் கறிச் செய்முறை பற்றிச் சண்டை போட்டுவிட்டார். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் நம் குடும்பம் அத்தனை மாதம் பயந்து ஒளிந்தது.

சளியில் கிருமி இருந்தது. இரண்டு நுரையீரலும் கெட்டிருந்தன. இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லை. சில வாரங்கள் மருத்துவமனையில் வைத்திருந்து பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய் நர்ஸின் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும். முதல் நாட்களில் விழுங்கியதெல்லாம் வாந்தியில் வந்தது. மறுபடி விழுங்கினார். ஒரு நாளும் தவறவில்லை.

அக்காவோடு நெருங்கிப் பழகியவர்கள் எல்லாரும் சோதனைக்கு வர வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். உங்களை அழைக்கும் வேலை எனக்கு வந்தது. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு நன்றாகவே இருக்கிறது.

“எங்க வீட்ல யாருக்கும் அந்த மாதிரி சீக்கெல்லாம் கிடையாது.”

“எங்கள ஏம்மா இழுக்கிற? நாங்க எப்பவோ வந்துட்டுப் போனது.”

“நிச்சயத்துல அவங்க ஆக்குனதத்தானே தின்னோம், ஐயோ!”

சோற்றில் இந்த நோய் வராது, மூச்சுக் காற்றில்தான் வரும் என்று நர்ஸ் சொன்னதை நான் ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னேன். ஆனாலும் ஒரு வீட்டில், அக்கா ஊறுகாய் போட்டு அனுப்பிய டப்பாக்களைக் குப்பையில் போட்டீர்கள். அதை எங்கள் காதுக்கு எட்டும்படி சொல்லவும் செய்தீர்கள். அக்காவின் மகளுக்குச் சோதனையில் ஒன்றும் இல்லை. அவளைத் தவிர, முதலில் சோதனைக்கு வந்தவர்கள் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம். நம் சொந்தத்தில் ஒருவரும் இல்லை.

மாப்பிள்ளையிடம் அக்கா மகளே சொன்னாள். இரண்டு நாள் கழித்து அவருடைய அம்மா பெட்டாலிங் ஜெயாவிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார். கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று அக்கா கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா வாசலில் நின்றபடியே கேட்டார்: “இதையா சம்பந்தி மறைச்சீங்க? எங்க அண்ணனுக்கும் வந்துச்சு. மாத்திரை சாப்பிட்டாரு, இப்ப கோல்ஃப் ஆடிட்டுத் திரியறாரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே.”

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதார். அத்தான் இறந்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. யாருக்குப் பயந்து இத்தனை மாதத்தைத் தொலைத்தாரோ, அவர் வாசலில் நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இனி மாமாவைப் பற்றிய மிச்சத்தையும் எழுத வேண்டும். ஏர்கான் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு அக்காவோடு காரில் பல தடவை போய் வந்தவர் அவர். சோதனைக்கு வரச் சொன்னபோது என்னிடம் கத்தினார். அப்போது அவருக்கே லேசான இருமல் இருந்தது. அக்கா தினமும் அவருக்குப் போன் செய்தார். இரண்டு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்கும். நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

“மாமா, எனக்கு வந்தது வந்துட்டுப் போகட்டும். நீங்க போய்ப் பாத்துடுங்க மாமா.”

மாமா போனை வைத்துவிடுவார். பிறகு அக்காவின் எண்ணையே தடுத்துவிட்டார். அக்கா மகளின் போனிலிருந்து கூப்பிட்டார். அதையும் எடுக்காதபோது பக்கத்து வீட்டுச் சீன அம்மாவின் போனை வாங்கிக் கூப்பிட்டார். கோபத்தில் நான் கேட்டேன்: “உன்னை இந்த நிலைமைக்குக் கொண்டாந்த ஆளு. அவர்கிட்ட ஏன் இப்படிக் கெஞ்சுற?”

“எனக்குத்தான் லேட்டாயிடுச்சு. அவருக்கு இன்னும் ஆகலல்ல?” என்றார் அக்கா.

ஆவணியில் கிள்ளானில் கல்யாணம் நடந்தது. அதற்குள் அக்காவின் சளியில் கிருமி இல்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். யாருக்கும் ஒட்டாது. அதையும் உங்கள் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். பச்சைப் பட்டுப்புடவை கட்டி, முன்வரிசையில் அக்கா உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலியும் அந்தப் பக்கம் மூன்று நாற்காலியும் காலி. பின்னால் நீங்கள் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் மணமகளோடு மேடையில் இருந்தேன். எல்லாம் தெரிந்தது. சம்பந்தி அம்மா மேடையிலிருந்து இறங்கிப் போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தம் கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு, கழன்றிருந்த செருப்பு வாரை மாட்டிக்கொண்டார். சாதாரணமாக. தாலி கட்டி முடியும் வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

கிருமி செத்தாலும் நுரையீரல் திரும்பி வரவில்லை. நாங்கள் ரொம்பத் தாமதமாக வந்துவிட்டோம் என்று மருத்துவமனையில் ஒரு டாக்டர் மறைக்காமல் சொன்னார். கடைசி வாரங்களில் அக்கா ஆக்சிஜன் குழாயோடு இருந்தார். பேச முடியாதபோது கையால் பேசினார். வார்டு சாப்பாடு வந்ததும் மூக்கைச் சுளித்து, உப்பில்லை என்று கட்டை விரலைக் கீழே காட்டுவார். நம் உறவினர்கள் சிலர் வந்து, வராந்தாவிலேயே நின்று, பழக்கூடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா அவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரு மழைக்காலக் காலையில், மகள் கையைப் பிடித்திருக்க, அக்கா போனார்.

இறுதிச் சடங்கில் பெட்டியை மூடியே வைக்கச் சொன்னவர்கள் இருக்கிறீர்கள். நான் மறுத்ததும் வாசலோடு திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். இன்று மண்டபத்துக்கு உள்ளே வந்திருக்கிறீர்கள். வாருங்கள், உட்காருங்கள்.

இனி நன்றி. சளி டப்பாவை முகம் சுளிக்காமல் வாங்கிய, தினமும் அக்காவின் வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரை இறங்கியதா என்று பார்த்த அந்த மலாய் நர்ஸுக்கு. தம் பிள்ளைகளைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகும் அக்காவுக்குக் கஞ்சி கொண்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. வார்டில் அக்காவின் தலைமுடியைச் சீவிப் பின்னிவிட்ட, பெயர் கேட்க மறந்துபோன அந்த வங்காளதேசத் துப்புரவுத் தொழிலாளிப் பெண்ணுக்கு. சம்பந்தி அம்மாவுக்கு. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை தன் அம்மாவின் பக்கத்தில் இருந்த என் அக்கா மகளுக்கும் அவள் கணவருக்கும். வேறு யாருக்கும் இல்லை.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் மாமா பிரிக்பீல்ட்ஸுக்கு என் வீட்டுக்கு வந்தார். “அந்த நோய்ப் பேரை மட்டும் எடுத்துடும்மா. குடும்ப மானம்” என்றார். நான் எடுக்க மாட்டேன் என்றேன். எழுதியதை அவர் முன்னால் உரக்கப் படித்தேன். போனில் அக்கா கெஞ்சிய இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

பிறகு சொன்னார்: “அவ அத்தன தடவ கூப்பிட்டப்புறம் நான் பந்திங் கிளினிக்ல போய்ப் பாத்தேன். யாரும் பாக்கக் கூடாதுன்னு அவ்வளவு தூரம். எனக்கும் இருந்துச்சு. ஆரம்பத்துலயே புடிச்சிட்டாங்க. மாத்திரை முடிச்சிட்டேன். எல்லார்ட்டயும் நிமோனியான்னு சொன்னேன்.” கதவருகே போய்த் திரும்பி நின்றார். “எழுதறதுன்னா என்னையும் சேத்து எழுது. அவளை மட்டும் ஏன் எழுதணும்?”

எழுதிவிட்டேன், மாமா. அதைச் சொல்ல உங்களுக்குத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும், தெரிகிறது. நீங்கள் நூறு வயது வரை நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் அக்காவின் விருப்பம். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்படி மட்டும் இன்றைக்கு என்னிடம் கேட்காதீர்கள்.